குகைக்குள் ஒரு குளம்: திருப்பான்மலையும் வள்ளிமலையும்

வியாழன் இரவு, வேலூர்

வட ஆற்காட்டுக் குன்றுகளைச் சாலையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவை வெறும் பாறைக் குவியல்களாகவே தெரியும். மரம் குறைவு, மண் அதைவிடக் குறைவு. பங்குனி பிறந்துவிட்டால் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் மொட்டைப் பாறைதான் மிச்சம். ஆனால் இந்தப் பாறைகளின் இடுக்குகளில், கீழே ஏரியும் ஆறும் வறண்டுவிட்ட பிறகும் நீர் தேங்கி நிற்கும் சுனைகள் பல உண்டு. அவற்றில் சில குகைக்குள்ளேயே இருக்கின்றன. அப்படிப்பட்ட இரண்டு சுனைகளைப் பார்ப்பதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம்.

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகவும், வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகவும் பிரிந்துவிட்டதால், நான் போகவிருக்கும் இடங்கள் இப்போது வெவ்வேறு மாவட்டங்களின் கணக்கில் இருக்கின்றன. ஆனாலும் ஊர்க்காரர்கள் பேச்சில் எல்லாம் இன்னமும் ‘வேலூர் பக்கம்’தான்.

வேலூரில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். பொறியியல் படிக்கும் அக்கா மகனும் உடன் வருகிறான். கைப்பேசியில் யாரோ எடுத்த ஒரு நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு, “குகைக்குள்ளேயே நீச்சல் குளம் இருக்குதாம் மாமா, துண்டு எடுத்து வெச்சிட்டேன்” என்று அவன் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறான். அக்கா என்னைப் பார்த்து, “நீ பெரியவன், நீ பார்த்துக்கோ” என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளி, திருப்பான்மலை

விடியற்காலையில் ஒரு வாடகைக் காரில் கிளம்பினோம். மேல்விஷாரம் தாண்டி ஆற்காடு வரை சாலைக்கு வடக்கே பாலாறு கூடவே வருகிறது. ஆறு என்று சொல்வது மரபுக்காகத்தான். கண்ணுக்கு எட்டியவரை மணலும் சீமைக் கருவேலமுமாகக் கிடந்தது. ஆற்காட்டில் காபி குடித்தோம். மக்கன் பேடாவைத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று ஓட்டுநர் சொன்னதை அக்கா மகன் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதால், காலை ஏழு மணிக்கே அதையும் சாப்பிட்டாயிற்று.

ஆற்காட்டுக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், விளாப்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது நாங்கள் தேடி வந்த குன்று. இன்று அதற்குப் பஞ்சபாண்டவர் மலை என்று பெயர். கல்வெட்டுகளில் அதன் பெயர் திருப்பான்மலை. கிழக்கு முகத்தில், பாறையின் அடிவாரத்திலேயே, பெரிய குடைவரை ஒன்று இருக்கிறது. முன்னும் பின்னுமாக இரண்டு வரிசைத் தூண்கள், பின்சுவரில் ஏழு சிற்றறைகள் என்று வெட்டியிருக்கிறார்கள். அறைகளில் எந்த உருவமும் இல்லை. தூண்களைப் பார்த்தால், உளி வேலையைப் பாதியிலேயே நிறுத்தியதுபோல் இருக்கிறது. மேலே பாறை முகத்தில் அமர்ந்த நிலையில், சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் ஒருவரின் உருவம் மட்டும் உண்டு. “அஞ்சு பேருக்கு எதுக்கு மாமா ஏழு ரூம்?” என்று அக்கா மகன் கேட்டான். எனக்கு முன்பே ஓட்டுநர், “குந்தியம்மாவும் திரௌபதியும் எங்க சார் தங்குவாங்க?” என்று பதில் சொல்லிவிட்டார். பாண்டவர் பெயரைச் சமணக் குகைகளுக்கு வைப்பது தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்கம்தான் என்றாலும், அறைக் கணக்கு இவ்வளவு ஒழுங்காக ஒத்துவருவதை வேறெங்கும் நான் கண்டதில்லை. குன்றில் ஒரு தர்காவும் இருக்கிறது. பச்சைத் துணி போர்த்திய கல்லறைக்கு ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர்தான், “தண்ணி குகைக்கா? தெக்கால போங்க” என்று வழி காட்டினார்.

தெற்கு முகத்தில் உள்ள குகை மனிதர் குடைந்தது அல்ல, இயற்கையாக அமைந்தது. பெரும்பாறை ஒன்று இன்னொன்றின் மேல் சாய்ந்து கவிந்திருக்க, அடியில் உண்டான இடைவெளிதான் குகை. அந்த இடைவெளியின் தரை முழுவதையும் நீர் எடுத்துக்கொண்டிருக்கிறது. நீச்சல் குளம் என்று காணொளிக்காரர் சொன்னது அளவை வைத்து அல்ல என்று நினைக்கிறேன். ஒருவர் நாலைந்து முறை கை வீசினாலே எதிர்ப்பாறை வந்துவிடும். வெளிவெயிலிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தால் முதலில் நீரே தெரிவதில்லை, இருட்டுதான் தெரிகிறது. கண் பழகிய பிறகு, கூரைப் பாறையின் அடிப்பகுதியில் வெளிச்சம் நெளிந்துகொண்டிருப்பது தெரியும். அது நீரிலிருந்து தெறிக்கும் ஒளி. அதைப் பார்த்த பிறகுதான் கீழே நீர் இருப்பதை மனம் ஒப்புக்கொள்கிறது.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தேன். நீர்மட்டத்துக்கு மேலே, பாறையில் வெளுத்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. மழைக்காலத்தில் நீர் ஏறிய உயரத்தையும் பிறகு இறங்கி இறங்கி நின்ற இடங்களையும் அவற்றில் படிக்கலாம். மேல் கோட்டுக்கும் இன்றைய நீருக்கும் முழங்கை அளவுதான் வித்தியாசம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து மூன்று மாதங்களுக்கு மேல் ஆகியும் இவ்வளவுதான் இறங்கியிருக்கிறது. ஓரத்தில் நீரின்மேல் கால்களைப் பரப்பி நின்ற நீர்ப்பூச்சிகள் என் நிழல் விழுந்ததும் ஒரே சமயத்தில் விலகின. நீரில் விரல் வைத்துப் பார்த்தேன். வெளியே பாறை சுட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஐந்தடி தள்ளி உள்ளே இருந்த நீர் விரலைச் சட்டென்று இழுத்துக்கொள்ளச் செய்யும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது.

நீர் வற்றாமல் நிற்பதில் மாயம் ஒன்றும் இல்லை. இந்தப் பகுதியின் பாறை இறுகிய கருங்கல் இனம். அதன் உடம்புக்குள் நீர் இறங்காது. வெடிப்புகள் வழியாக மட்டுமே போகும். மேலே பெய்யும் மழையில் ஒரு பகுதி பாறைச் சரிவில் வழிந்தும், ஒரு பகுதி வெடிப்புகளில் கசிந்தும் பள்ளத்துக்கு வந்து சேர்கிறது. அடிப்பாறையில் ஆழமான வெடிப்பு இல்லாவிட்டால் வந்த நீர் அங்கேயே தங்கும். பிறகு அதைக் குடிக்கக்கூடியது வெயிலும் காற்றும்தான். இங்கே கூரைப் பாறை இரண்டையும் தடுத்துவிடுகிறது. திறந்த பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீர் தையிலேயே காய்ந்துபோக, குகைச் சுனை சித்திரை வரை தாக்குப்பிடிப்பதற்கு இதுவே காரணம். ஆடு மேய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்த அம்மா ஒருவரிடம் கோடையில் நீர் நிற்குமா என்று கேட்டேன். “எப்பவும் கீது சார். ஏரி காஞ்சாலும் இங்க கீது” என்றார். ஆடுகள் அவர் அனுமதியை எதிர்பார்க்காமல் விளிம்பில் நின்று குடித்துக்கொண்டிருந்தன.

இந்தச் சுனைக் குகையின் பாறை முகப்பில்தான், சமணர் வழிபட்ட பெண் தெய்வமான இயக்கியின் உருவம் இருக்கிறது. ஆசனத்தில் அமர்ந்த பெண் உருவம், அருகில் பரிவாரங்கள். பெரிய சிற்பம் அல்ல. காற்றும் மழையும் முகத்தின் கூர்மையைத் தேய்த்துவிட்டன. உடனுள்ள கல்வெட்டு, நந்திப்போத்தரசரின் 50ஆவது ஆட்சியாண்டில், நாகணந்தி என்னும் குரவர் (ஆசிரியர்) இருக்க, புகழாலைமங்கலத்து மருத்துவர் மகன் நாரணன் என்பவர் பொன்னியக்கியாரின் படிமத்தைச் செய்வித்ததைச் சொல்கிறது. அரசரை இரண்டாம் நந்திவர்ம பல்லவனாகக் கொண்டால் காலம் எட்டாம் நூற்றாண்டின் இறுதி. அதாவது, நாங்கள் நின்ற இடத்தில் ஏறத்தாழ 1,240 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நின்று, வேறு எத்தனையோ பாறை முகங்கள் இருக்க, இந்த நீருக்கு மேலேயே இயக்கியை வெட்டச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது கல்வெட்டு இருநூறு ஆண்டுகள் பிந்தியது. முதலாம் இராசராசனின் 8ஆவது ஆட்சியாண்டில், சிற்றரசன் இலாடராசன் வீரசோழன் தன் மனைவியின் வேண்டுகோளை ஏற்று, கூரகன்பாடி என்னும் ஊரிலிருந்து வர வேண்டிய ‘கற்பூர விலை’ உள்ளிட்ட வருவாயைத் திருப்பான்மலைத் தேவர்க்கே திரும்ப விட்டுக்கொடுத்ததை அது பதிவுசெய்கிறது. பள்ளிச்சந்த வருவாயை, அதாவது துறவிகள் தங்கும் சமணப் பள்ளிக்கென்று விடப்பட்ட வருவாயை, முந்தைய இலாட அரசர்கள் எடுத்துக்கொண்டிருந்தது தவறு என்று கணவரிடம் எடுத்துச் சொல்ல அந்த அம்மையாருக்குத் துணிவு இருந்திருக்கிறது.

இதையெல்லாம் அக்கா மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவன் சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டோடு நின்றிருந்தான். “இங்க இருந்த சாமியாருங்க குளிச்ச இடம்தானே மாமா, நாம குளிச்சா என்ன?” என்றான். கேள்வி நியாயமானது. பதில்தான் அவன் எதிர்பாராதது. திகம்பர சமணத் துறவிகளின் மூலகுணங்கள் இருபத்தெட்டில் நீராடாமையும் ஒன்று. அவர்கள் குளிப்பதில்லை. நாளுக்கு ஒரு முறை, நின்றபடியே, இல்லறத்தார் கையில் இடும் உணவை ஏற்கும்போதுதான் நீரும் அருந்துவார்கள். அந்த நீரும் வடிகட்டிக் காய்ச்சியதாக இருக்க வேண்டும். நீரில் உள்ள நுண்ணுயிர்களுக்குத் தீங்கு நேரக்கூடாது என்பது அவர்கள் நெறி. எனவே இந்தச் சுனைக்குப் பக்கத்திலேயே தலைமுறை தலைமுறையாகத் தங்கியவர்களில் துறவிகள் எவரும் இதில் முங்கி எழுந்திருக்க வாய்ப்பே இல்லை.

பிறகு யாருக்காக இந்த நீர்? என் கணிப்பைச் சொல்கிறேன். துறவிகளைக் காண மலைக்கு வந்தவர்கள், அவர்களுக்கு உணவு சமைத்தவர்கள், குடைவரையில் உளி பிடித்தவர்கள், பாடம் கேட்க வந்து தங்கிய மாணாக்கர்கள் ஆகிய எல்லோருக்கும் நீர் வேண்டும். ஊரிலிருந்து குடத்தில் சுமந்து கட்டுபடியாகாது. நீர் இருந்த குன்றுக்குத்தான் பள்ளி வந்தது, பள்ளி வந்த பிறகு நீர் தேடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பரப்பிக் கிடக்கும் இத்தனை குன்றுகளில் சமணர்கள் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்ததற்கு அமைதியையும் தனிமையையும் காரணமாகச் சொல்வார்கள். அமைதி எல்லாக் குன்றிலும் இருக்கிறது, சுனை எல்லாக் குன்றிலும் இல்லை.

அவனைத் தடுத்ததற்குச் சரித்திரம் மட்டும் காரணம் அல்ல. இது வடிகால் இல்லாத நீர். ஆற்றில் குளித்தால் அழுக்கு அடித்துக்கொண்டு போகும். இங்கே உடம்பிலிருந்து இறங்கும் எண்ணெயும் வியர்வையும் சோப்பும் அடுத்த மழை வரை அங்கேயே கிடக்கும். ஆடுகள் அதைத்தான் குடிக்க வேண்டும். ஆழம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடியில் பாறை எப்படிச் சரிகிறது என்றும் தெரியாது. விளிம்புப் பாறையில் பாசி மினுமினுத்தது. குன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதும் உண்டு. எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவன் துண்டைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டுவிட்டான். கோபம்தான், ஆனால் கேட்டுக்கொண்டான்.

கோபம் பிற்பகலில் தீர்ந்தது. விளாப்பாக்கம் பக்கம் கரும்பு வைத்திருந்த ஒரு விவசாயியின் கிணற்றில் இறங்க அனுமதி கிடைத்தது. இந்தப் பகுதியின் பழைய பாசனக் கிணறுகள் குடும்பமே குடியிருக்கலாம் என்கிற அளவுக்கு அகலமானவை. மேலே கருங்கல் கட்டு, கீழே பாறையை வெடி வைத்து இறக்கிய சதுரப் பள்ளம், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கற்படிகள். ஒரு காலத்தில் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலை ஓடிய சரிவு மேட்டில் இப்போது மோட்டார் அறை நிற்கிறது. “சோப்பு போடக்கூடாது, மோட்டார் பைப்பு பக்கம் போகக்கூடாது” என்று இரண்டே நிபந்தனைகள். கற்படியிலிருந்து அவன் குதித்த சத்தத்துக்குக் கிணற்றுப் பொந்துகளிலிருந்து புறாக்கள் கிளம்பின.

அவன் நீந்திக்கொண்டிருக்க, நான் கரையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தது இதே விளாப்பாக்கத்தின் இன்னொரு கல்வெட்டை. முதலாம் பராந்தகச் சோழனின் 38ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 945ஐ ஒட்டியது. திருப்பான்மலை அரிட்டநேமி பிடாரரின் மாணாக்கியாரான பட்டினிக் குரத்தியடிகள் என்னும் பெண் துறவி இவ்வூரில் ஒரு கிணறு எடுப்பித்ததையும், அந்த இடம் பெண்பள்ளியாக ஆனதையும், அதைக் காக்கும் பொறுப்பு இருபத்து நால்வரிடம் இருந்ததையும் அது கூறுகிறது. மலையில் இருந்த ஆசிரியருக்குச் சுனை இருந்தது. ஊரில் பள்ளி அமைத்த மாணாக்கியார் முதலில் கிணறு வெட்ட வேண்டியிருந்தது. காலையில் நான் சொன்ன கணிப்புக்கு இதைவிட நெருக்கமான சாட்சி கிடைக்காது. குரத்தி என்பது குரவர் என்பதன் பெண்பால். பத்தாம் நூற்றாண்டில் பெண்கள் நடத்திய பள்ளி ஒன்று இந்த வயல்களுக்கு நடுவில் இருந்தது என்பதை ஊரில் ஒரு பலகையாவது சொன்னால் நன்றாக இருக்கும்.

சனி, வள்ளிமலை

இன்று காட்பாடி, திருவலம், மேல்பாடி வழியாக வடக்கே வள்ளிமலைக்குப் போனோம். மேல்பாடியில், ஆற்றூரில் இறந்த சோழ மன்னன் அரிஞ்சயனின் நினைவாக முதலாம் இராசராசன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயிலைப் பார்க்க அரை மணி நேரம் இறங்கினோம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே இடமில்லை.

வள்ளிமலையில் நீரைச் சுற்றித்தான் கதையே நடக்கிறது. வேடர் தலைவன் நம்பிராசனின் வளர்ப்பு மகளான வள்ளி தினைப்புனம் காத்திருக்க, முதியவராக வேடமிட்டு வந்த முருகன் தேனும் தினைமாவும் வாங்கி உண்டு, விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கிறார். வள்ளி அவரைச் சுனைக்கு அழைத்துப் போகிறாள். தாகம் தீர்ந்த கிழவர் அடுத்து மோகத்தைத் தீர்க்கச் சொல்ல, பிறகு விநாயகர் யானையாக வந்து மிரட்ட வேண்டியிருந்தது. அந்த யானை என்று ஒரு குன்றையே காட்டுகிறார்கள். உண்மையிலேயே முதுகும் துதிக்கையும் தெரிகின்றன. கிழவருக்கு வள்ளி நீர் கொடுத்த இடமாகக் காட்டப்படுவதுதான் மலைமேல் உள்ள ‘சூரியன் காணாத சுனை’.

அடிவாரத்துச் சரவணப் பொய்கையைப் பார்த்துவிட்டு, படிகளில் ஏறினோம். 400க்கும் மேற்பட்ட படிகள். பதினொரு மணி வெயிலில் அதைவிட அதிகமாகவே தோன்றின. மேலே முருகன் கோயிலின் கருவறை பாறையோடு பாறையாக அமைந்திருக்கிறது. அருணகிரிநாதர் இந்தத் தலத்தைத் திருப்புகழில் பாடியிருக்கிறார். சனிக்கிழமையானாலும் கூட்டம் இல்லை. கிருத்திகை நாளில் வந்திருந்தால் இந்தச் சாவகாசம் கிடைத்திருக்காது.

சுனை, பெயருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பாறைகள் மேலே கவிந்து, பகலின் எந்த நேரத்திலும் நேர்வெயில் விழாதபடி மறைத்திருக்கின்றன. திருப்பான்மலையில் நான் கண்ட அதே அமைப்புதான். இறுகிய பாறை, கசியும் வெடிப்பு, கவிந்த கூரை. வேறுபாடு மனிதர்கள் நீரிடம் நடந்துகொள்ளும் விதத்தில் இருந்தது. அங்கே யாரும் கவனிக்காத நீர், இங்கே தீர்த்தம். சோளிங்கர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தின் பாட்டி, செருப்பைப் பத்தடி முன்பே கழற்றிவிட்டு வந்து, நீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, பேரனின் நாக்கிலும் ஒரு சொட்டு விட்டார். “கால் வெக்காத கண்ணு” என்று எங்கள் வீட்டுப் பிள்ளையையும் சேர்த்தே எச்சரித்தார். நேற்று நான் அரை மணி நேரம் விளக்கியதை அந்த அம்மா மூன்று சொற்களில் முடித்துவிட்டார்.

இந்த மலையிலும் சமணர்கள் இருந்திருக்கிறார்கள். முருகனுக்காக ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் குகைப் பக்கம் திரும்புவதில்லை. பெரிய பாறைக் கவிகையின் அடியில் தீர்த்தங்கரர் உருவங்களும் இயக்கியும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கல்வெட்டுகள் கன்னட மொழியில் இருப்பதுதான் வியப்பு. கர்நாடகப் பகுதியை ஆண்ட மேலைக் கங்க மன்னன் இராசமல்லன் இந்தக் குகைப் பள்ளியை ஏற்படுத்தியதை ஒன்று சொல்கிறது. அதிலேயே சிவமாரன், ஸ்ரீபுருஷன், ரணவிக்கிரமன் என்று அவன் முன்னோர் வரிசையும் இருக்கிறது. பாண அரசன் ஒருவனின் குருவான பவணந்தியின் மாணாக்கர் தேவசேனரின் உருவம் இது என்கிறது இன்னொன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் கங்கரும் பாணரும் பல்லவரும் இந்த எல்லைக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். யார் கை ஓங்கினாலும் மலையில் பள்ளி மட்டும் நடந்திருக்கிறது.

வள்ளிமலை சுவாமிகள் என்று அறியப்பட்ட சச்சிதானந்த சுவாமிகள் வாழ்ந்த ஆசிரமமும் மலைமேல்தான் இருக்கிறது. மைசூர் அரண்மனையில் சமையல் வேலையில் இருந்து, திருப்புகழில் மனம் தோய்ந்து துறவியானவர். ஜனவரி முதல் நாளில் திருத்தணியில் நடக்கும் படித் திருவிழாவைத் தொடங்கிவைத்தவரும் அவரே. சமணத் துறவிகள், முருகனடியார், வேடர் மகள் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்களை ஒரே பாறை வைத்துக்கொண்டிருக்கிறது. எல்லோரும் குடித்த நீர் ஏறத்தாழ ஒரே இடத்து நீராகத்தான் இருக்க வேண்டும்.

ஞாயிறு, மகேந்திரவாடி

சென்னை திரும்பும் வழியில் மகேந்திரவாடிக்கு மட்டும் ஒரு சுற்று. தனியாகக் கிடக்கும் ஒரு பாறையை முதலாம் மகேந்திரவர்மன் குடைந்து திருமாலுக்கு எடுத்த கோயில் இது. பாறையைப் பிளந்து, மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில், மகேந்திர விஷ்ணுகிருகத்தைக் குணபரன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) அமைத்தான் என்று தூணில் உள்ள வடமொழிப் பாட்டு சொல்கிறது. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் தன் பெயரையே வைத்த மனிதரின் தன்னம்பிக்கையை அக்கா மகன் மிகவும் ரசித்தான். இங்கே குகைக்குள் நீர் இல்லை, தேவையும் இல்லை. பக்கத்திலேயே கரை கட்டி ஏரியை நிறுத்தும் ஆள்பலம் அரசனுக்கு இருந்தது. அது இல்லாதவர்கள்தான் சுனையைத் தேடிப் பாறை ஏறினார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். திருப்பான்மலைக்குப் புரட்டாசியிலிருந்து மாசிக்குள் போய்விடுங்கள். பங்குனிக்குப் பிறகு காலை ஒன்பது மணிக்கு மேல் பாறையில் கால் வைக்க முடியாது. குடிநீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். சுனை நீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். வேலூரிலிருந்து ஆற்காட்டுக்குப் பேருந்துகள் ஓடிக்கொண்டே இருக்கும், அங்கிருந்து ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். தெற்குப் பக்கக் குகைக்கு வழிகாட்டிப் பலகை எதையும் நான் பார்க்கவில்லை, தர்காவில் விசாரித்தால் சொல்வார்கள். வள்ளிமலைக்குச் செல்பவர்கள் கோயிலோடு திரும்பிவிடாமல் சமணக் குகைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நீந்தத்தான் வேண்டும் என்றால், யாராவது விவசாயியிடம் கேட்டுக் கிணற்றில் இறங்குங்கள், மோட்டார் குழாய்ப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.